புது ஆசிரியரை முதல் நாளே தனியாக வகுப்புக்குள் விடலாமா?

#1 நான்காம் பீரியட்

அரசுப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்பு. 52-இல் 27 போனால் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு சிறுமி 35 என்று போட்டிருந்தாள். சிவப்புப் பேனாவால் சுழித்து, "கடன் வாங்கணும்னு எத்தனை தடவை சொல்றது" என்று நகர்ந்துவிட்டேன். அடுத்த கணக்கு 64-இல் 38. அதற்கு 34 என்று எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்றால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பு வராதே என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு" என்றேன்.

"ரெண்டுலேருந்து ஏழு போகாது டீச்சர். பெரிய நம்பர்லேருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் ஏழுலேருந்து ரெண்டைக் கழிச்சேன்."

ஆமாம், நான்தான் சொன்னேன். முதல் வகுப்பில் அவளுக்குக் கழித்தல் தொடங்கி வைத்ததும் நான்தான். அந்த வாக்கியத்தை அந்தப் பிள்ளை இரண்டு வருடமாக அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறாள். இதே தப்பைப் போட்ட எத்தனை பிள்ளைகளின் நோட்டில் வெறும் சுழி போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியலாளர் பியாஜே சொன்ன வளர்ச்சிப் படிநிலைகளைப் பற்றி எத்தனை பக்கம் கேட்டாலும் எழுதுவேன். சார்ட் வரைந்தேன், பாடக்குறிப்பு எழுதினேன். கற்பித்தல் பயிற்சிக்கு என்னை அனுப்பிய பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் வகுப்பை என்னிடம் விட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவார். கழித்தல் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் சறுக்குவார்கள், ஏன் சறுக்குவார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு ஆய்வுக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள், பாடக்குறிப்பில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். நான் பாடம் நடத்துவதை ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர் இன்று வரை ஒருவரும் இல்லை.

என் கேள்வி இதுதான். கல்விக் கொள்கை என்றாலே பாடத்திட்டம், தேர்வு, கட்டடம் என்று போகிறது பேச்சு. நான்காவது வருடத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்ததை முதல் வருடத்திலேயே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றால், கொள்கையில் எது மாறியிருக்க வேண்டும்?

#2 பழைய கரும்பலகை

அம்மா, முதலில் தூங்குங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிப் போட்டாய்" என்று கேட்டீர்களே, முப்பத்தி நான்கு வருடம் வேலை பார்த்த நானே அந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டதில்லை.

கடைசிப் பதினொரு வருடம் தலைமையாசிரியராக இருந்தேன். என் மனதில் கிடக்கும் ஒன்றை இங்கே சொல்கிறேன். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் அவருக்கு எந்த வகுப்பு? ஒன்றாம் வகுப்பு. இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பிரிவு. மூத்தவர்கள் மேல் வகுப்பு கேட்பார்கள், அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. நானும் அப்படித்தான் கால அட்டவணை போட்டேன். ஒரு பிள்ளை எழுத்தையும் எண்ணையும் முதன்முதலில் தொடும் இடத்தில், அனுபவமே இல்லாதவரைத் தனியாக நிறுத்தினேன். பள்ளிக்குள் நான் செய்ததையே இடமாறுதல் விதிகள் பெரிய அளவில் செய்கின்றன. பணிமூப்பு உள்ளவர்கள் வசதியான பள்ளிக்குப் போய்விடுவார்கள், கஷ்டமான பள்ளிக்குப் புதியவர்கள் போவார்கள். பல நாடுகளில் கதை இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975-இல் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். ஆசிரியர் ஆகப்போகிற ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவே அவருக்குக் கிடைக்கிற முதல் பயிற்சி. ஆனால் பெஞ்சிலிருந்து பார்க்கும்போது ஆசிரியர் செய்வது மட்டும்தான் தெரியும், ஏன் செய்கிறார் என்பது தெரியாது. ஒன்றிரண்டு வருடப் பயிற்சிப் படிப்பு அந்த 13,000 மணி நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வகுப்பில் திணறும்போது நமக்குள்ளிருந்து வெளியே வருவது பயிற்சிக் கல்லூரி இல்லை, நம் பழைய வாத்தியார்தான்.

#3 இரண்டு பிள்ளைகளின் அப்பா

மன்னிக்கவும், நான் ஆசிரியர் இல்லை. பெற்றோராகக் கேட்கிறேன். பயிற்சி முடித்து, தகுதித் தேர்வு எழுதி, சம்பளம் வாங்குகிறார்கள். அதற்கு மேல் இன்னொருவர் போய் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் படிப்பு எதற்கு?

என் மூத்தவன் ஐந்தாம் வகுப்பு. போன மாதம் வீட்டில் பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தான். சந்தோஷமாக இருந்தது. நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்ன" என்று கேட்டேன். பக்கத்தின் முதல் வரிக்குப் போய், அங்கிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்து, விரல் இருந்த இடம் வந்ததும் அந்தச் சொல்லைச் சொன்னான். அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்து வருடம், ஐந்து ஆசிரியர்கள், ஒவ்வொரு வருடமும் தேர்ச்சி.

என்னைக் கேட்டால் ஒவ்வொரு பள்ளிக்கும் வருடாவருடம் தேர்வு வைத்து முடிவை வெளியிட வேண்டும். பிள்ளைகள் தேறாத பள்ளி பதில் சொல்லட்டும்.

#4 திட்டப்பிரிவு

கல்வித் துறையின் திட்டமிடல் வேலையில் பல வருடம் இருந்தவன். சார், உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் மகன் ஒருவன் மட்டும் இல்லை. ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், பத்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஒரு எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2022-இல் உலக வங்கியும் யுனெஸ்கோவும் சேர்ந்து மதிப்பிட்டன.

ஆனால் நீங்கள் சொல்லும் வழியை அமெரிக்கா ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டது. 2002-இல் கையெழுத்தான சட்டம் 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. தேறாத பள்ளிக்கு ஆண்டுக்கு ஆண்டு கடுமையான நடவடிக்கை. பின்தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டச் சொன்னது அந்தச் சட்டத்தின் நல்ல பக்கம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாசிப்பையும் கணக்கையும் தவிர மற்ற பாடங்களின் நேரம் குறைந்தது. அட்லாண்டா நகரில் 2011-இல் வந்த விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் விடைத்தாளில் பிள்ளைகளின் விடையை மாற்றி எழுதுவது போன்ற மோசடிகளில் தொடர்புபட்டிருந்ததாகச் சொன்னது. 2015 கடைசியில் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். தேர்வு முடிவு ஒரு பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று காட்டும். அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஆசிரியருக்கு அது கற்றுத் தராது. வழி தெரியாத ஆளைப் பயமுறுத்தினால் குறுக்கு வழிதான் தேடுவார்.

உங்கள் வீட்டில் நீங்கள் செய்த சோதனை இருக்கிறதே, நடுச் சொல்லில் விரல் வைத்தது, அது எந்தப் பொதுத்தேர்வையும் விட நல்ல தேர்வு. பிரேசிலில் சோப்ரால் என்று ஒரு நகராட்சி. 2001 வாக்கில் அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வைத்த இலக்கு ஒன்றே ஒன்று: சிறு வயதிலேயே எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும். தலைமையாசிரியரை அரசியல் சிபாரிசில் போடுவதை நிறுத்தித் தகுதி பார்த்துப் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் அடிக்கடி மதிப்பிட்டு, முடிவு வந்த கையோடு அந்த ஆசிரியருக்கு மாதாமாதம் பயிற்சியும் பாடப்பொருளும் கொடுத்தார்கள். வசதியான ஊர் இல்லை அது. ஆனாலும் 2017 தேசிய மதிப்பீட்டில் தொடக்க வகுப்புகளில் நாட்டிலேயே முதலிடம் வந்தது. தேர்வு அங்கேயும் இருந்தது சார், ஆனால் அதன் கூடவே உதவியும் போனது.

#5 வருங்கால டீச்சர்

நான் இப்போது ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. முதல் பதிவைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்களுக்கும் அதே பாடங்கள்தான் அக்கா. பின்லாந்து மாதிரி முதுகலைப் பட்டம் வரை படிக்க வைத்து, நல்ல சம்பளமும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்கிறார். என் வகுப்பில் பாதிப் பேர் வேறு எதுவும் கிடைக்காமல் இங்கே வந்தவர்கள். அதை மாற்ற வேண்டாமா?

#6 திட்டப்பிரிவு

தங்கச்சி, சம்பளத்தைப் பற்றி ஒரு பெரிய பாடம் இருக்கிறது. இந்தோனேசியா 2005-இல் சட்டம் போட்டு, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. 360 பள்ளிகளில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஆசிரியர்களுக்குப் பணக் கவலை குறைந்தது, பக்க வேலை பார்ப்பது குறைந்தது, மனநிறைவு கூடியது. பிள்ளைகளின் கற்றல் மட்டும் இரண்டு மூன்று வருடம் கழித்தும் அசையவில்லை.

அதனால் சம்பளம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆசிரியரை அரைப்பட்டினி போடுவது அநியாயம். நல்ல சம்பளம் இருந்தால்தான் அடுத்த தலைமுறையில் கெட்டிக்காரர்கள் இந்த வேலைக்கு வருவார்கள், அதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே வகுப்பில் நிற்பவருக்கு, பிள்ளை ஏன் 35 என்று எழுதினாள் என்பதைச் சம்பள உயர்வு சொல்லிக் கொடுக்காது.

பின்லாந்தைப் பற்றி: 1979 முதல் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்பது உண்மை. விண்ணப்பிக்கிற பத்துப் பேரில் சுமார் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும் அளவுக்குப் போட்டி இருந்ததும் உண்மை. ஆனால் அங்கே ஆசிரியர் பயிற்சி தருகிற பல்கலைக்கழகங்களோடு பயிற்சிப் பள்ளிகள் இணைந்திருக்கும். அங்குள்ள ஆசிரியருக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பயிற்சி மாணவர்களுக்குச் சொல்லித் தருவதும் முறையான வேலை. நம்மில் பலர் பட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பள்ளியைப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். பல நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பீசா தேர்வில் பின்லாந்தின் மதிப்பெண்கள் 2006-க்குப் பிறகு இறங்கி வருவதையும் மறைக்கக் கூடாது. நல்ல பயிற்சி ஒரு தடவை கட்டிவிட்டால் என்றென்றைக்கும் நிற்கும் கட்டடம் இல்லை.

சிங்கப்பூரில் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. வேலையில் சேர்ந்த பிறகு வருடத்துக்கு 100 மணி நேரம் வரை மேற்பயிற்சிக்கு உரிமை உண்டு. நிர்வாகப் பக்கம் போகாமல், வகுப்பறையிலேயே இருந்துகொண்டு பதவி உயர்வு வாங்கவும் தனிப் பாதை வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பல இடங்களில் நன்றாகப் பாடம் நடத்துபவருக்குக் கிடைக்கிற பரிசு, வகுப்பறையை விட்டு அலுவலக நாற்காலிக்குப் போவதுதான்.

#7 வெண்கட்டி

இந்த இழையை நேற்று இரவே படித்துவிட்டேன், நிதானமாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். பதினாறு வருடம் பாடம் நடத்திவிட்டு, கடந்த ஆறு வருடமாக மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்காரும் வேலை பார்க்கிறேன். நான்காம் பீரியட் டீச்சர் கேட்ட கேள்விக்கு என் பதில்: முதல் வருடத்தில் உங்கள் வகுப்பில் யாராவது ஒருவர் மாதம் ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இது வெறும் என் ஆசை இல்லை. தென்னாப்பிரிக்காவின் நார்த் வெஸ்ட் மாகாணத்தில் தாய்மொழி வாசிப்புக்காக ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு குழுப் பள்ளிகள். இரண்டுக்கும் ஒரே பாடக்குறிப்பு, ஒரே வாசிப்புப் புத்தகங்கள். ஒரு குழுவின் ஆசிரியர்களைப் பயிற்சி மையத்துக்கு வரவழைத்துச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குப் பயிற்றுநர் வகுப்பறைக்கே போனார். இரண்டு வருடம் கழித்துப் பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பார்த்தபோது, வகுப்பறைக்குப் போன குழுவில் பிள்ளைகளின் முன்னேற்றம் மற்றதைப் போல இரண்டு மடங்கு. அந்த ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொருவரையும் வாசிக்க வைக்கத் தொடங்கியிருந்தார்கள். பயிற்சி மையத்தில் "குழுவாகப் பிரியுங்கள்" என்று எல்லோருக்கும்தான் சொன்னார்கள். ஆனால் நாற்பது பிள்ளைகள் சத்தம் போடும்போது ஒரு குழுவை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்பது, அந்த அறையில் கூட நின்று செய்து காட்டினால்தான் கைவரும்.

அதே நாட்டில் பிறகு செலவைக் குறைக்க டேப்லெட், போன் வழியாகப் பயிற்றுநரை வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடம் ஆனபோது நேரில் போனதற்கு அது ஈடாகவில்லை.

சரி, வகுப்பில் உட்கார்ந்து நான் அப்படி என்னதான் பார்க்கிறேன்? ஒரு உதாரணம். மேரி பட் ரோவ் என்பவர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து அளந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். இதை எத்தனையோ பயிற்சியில் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். ஒரு டீச்சரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் காத்திருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதினேன். 1, 1, அரை, 1, 2, அரை. வகுப்பு முடிந்ததும் தாளை அவரிடம் கொடுத்தேன், வேறு எதுவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நிறைய நேரம் கொடுக்கிறேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார். அடுத்த வாரம் கேள்வி கேட்டுவிட்டு மேசையின் மேல் கையை வைத்து மனதுக்குள் மூன்று எண்ணினார். அந்த மௌனம் அவருக்குப் பெரிய அவஸ்தை, முகத்திலேயே தெரிந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு பையன், அந்த வருடம் ஒரு தடவைகூடக் கை தூக்காதவனாம், மெதுவாக விரலை உயர்த்தினான்.

#8 பழைய கரும்பலகை

படிக்கும்போதே மனம் நிறைகிறது. ஆனாலும் ஒரு தடை சொல்ல வேண்டும். வகுப்புக்குள் யாராவது வந்து உட்கார்ந்தாலே ஆசிரியருக்குக் கை நடுங்கும். ஏனென்றால் இத்தனை வருடமாக உள்ளே வந்தவர்கள் எல்லோரும் குற்றம் எழுத வந்தவர்கள். நான் தலைமையாசிரியராகப் போனாலும், நன்றாகத் தெரிந்த பாடத்தை மறுபடி நடத்திக் காட்டுவார்கள். பிள்ளைகளும் ஒத்திகை பார்த்தது போல் பதில் சொல்வார்கள். உண்மையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாமலே போகும்.

#9 வெண்கட்டி

ஐயா, நீங்கள் கை வைத்தது சரியான இடத்தில். அதனால்தான் எங்கள் வேலையில் முதல் விதி: மதிப்பெண் போடுபவரும் உதவி செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. நான் பார்த்தது எதுவும் பணிப்பதிவேட்டுக்குப் போகாது. இதை வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும். இங்கேதான் கொள்கை வருகிறது.

மிசிசிப்பி மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று. 2013-இல் வாசிப்புக்காகச் சட்டம் போட்டு, மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநில அரசே வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. ஆசிரியர்களுக்கு வாசிப்பு எப்படி நடக்கிறது என்ற அறிவியலையும் கற்றுக் கொடுத்தது. நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-இல் 49-வது இடத்தில் இருந்தது, 2019-இல் 29-வது இடம். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நிறுத்தி வைக்கும் விதியும் அதே சட்டத்தில் இருந்தது, அது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. பயிற்றுநர் ஆசிரியரோடு கூட நின்றதைத்தான் அதில் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பானில் இதற்குப் பயமே இல்லாத ஒரு வழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும், தப்பான பதில் எப்படியெல்லாம் வரும் என்று முன்கூட்டியே எழுதுவார்கள். அப்புறம் ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை இல்லை, பிள்ளைகளின் நோட்டை. பாடம் எல்லோரும் சேர்ந்து போட்டது என்பதால் சறுக்கினாலும் பழி ஒருவர் மேல் விழாது. கரும்பலகையைக்கூடப் பாடத்தின் நடுவில் அழிக்க மாட்டார்கள், யோசனை எங்கே தொடங்கி எங்கே வந்தது என்று பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. டீச்சர், உங்கள் 35 அப்படி ஒரு கூட்டத்தில் பாடம் நடத்துவதற்கு முன்பே தாளில் வந்திருக்கும்.

#10 இரண்டு பிள்ளைகளின் அப்பா

நான் இதை எதிர்பார்க்கவில்லை, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு சந்தேகம். என் இளையவள் வகுப்பில் 46 பேர். இதையெல்லாம் விட்டுவிட்டு வகுப்பைச் சின்னதாக்கினால் போதாதா?

#11 திட்டப்பிரிவு

46 என்பது பெரிய சுமை சார், குறைக்கத்தான் வேண்டும். டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய சோதனை இதில் பேர்போனது. 79 பள்ளிகள், 11,000-க்கு மேல் பிள்ளைகள். 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பை 13 முதல் 17 ஆக்கியதில் கற்றல் தெளிவாகவே கூடியது. வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். அதைப் பார்த்த கலிஃபோர்னியா 1996-இல் மாநிலம் முழுக்க ஒரே அடியாகச் சின்ன வகுப்புகளாக மாற்றியது. திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி இல்லாதவர்களை எடுக்க வேண்டி வந்தது. வசதியான பகுதியில் புதிதாகக் காலியிடங்கள் வந்ததும், ஏழைப் பள்ளிகளில் இருந்த அனுபவசாலிகள் அங்கே போய்விட்டார்கள். டென்னசியில் வந்த பலன் அங்கே அவ்வளவு தெளிவாக வரவில்லை. அந்தச் சின்ன வகுப்புக்குள் நிற்க யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

இதே எச்சரிக்கை வெண்கட்டி மேடம் சொல்வதற்கும் பொருந்தும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைப் போட்டு ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியபோது பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது. அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் பலனே இல்லை. அங்கே சம்பளம் தாமதமானது, மேற்பார்வை தளர்ந்தது. பயிற்றுநர் பணியிடம் உருவாக்கினால் முதல் வருடம் நன்றாக நடக்கும். இரண்டாம் வருடம் அவரிடம் புள்ளிவிவரம் கேட்பார்கள், மூன்றாம் வருடம் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை. கடைசியில் அவர் கையில் ஒரு படிவத்தோடு வகுப்புக்கு வருவார், டிக் போட்டுவிட்டுப் போவார். என் கண் முன்னால் அப்படி ஒரு நல்ல திட்டம் கரைந்து போனது. நானும் அந்தப் படிவங்களில் ஒன்றைத் தயாரித்தவன், அதனால்தான் சொல்கிறேன்.

எனவே கொள்கையில் எழுத வேண்டியது பதவிப் பெயர் இல்லை, நேரம். புது ஆசிரியருக்கு முதல் வருடம் பாடவேளை குறைவு. அவருக்கு வழிகாட்டுகிற மூத்த ஆசிரியருக்கும் பாடவேளை குறைவு. வாரத்தில் இரண்டு பீரியட் இருவரும் ஒரே நேரத்தில் ஓய்வு. இதைக் கால அட்டவணையில் அச்சடித்து, அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்கக் கூடாது என்று ஆணை போட வேண்டும். இதற்குக் கூடுதல் ஆசிரியர் பணியிடம் தேவை, அதற்குப் பணம் தேவை. அந்தச் செலவைத்தான் எந்த அரசும் பெருமையாக அறிவிக்காது, திறப்பு விழா நடத்த அதில் எதுவும் இல்லை.

#12 வெண்கட்டி

கோபம் எல்லாம் இல்லை சார். அந்தப் படிவம் என் பையிலும் இருக்கிறது. 32 கட்டங்கள். அதை நிரப்பி முடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும்.

#13 வருங்கால டீச்சர்

அடுத்த மாதம் எனக்குக் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது. போகிற பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் எழுந்து வெளியே போனால், "கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க" என்று நான் கேட்கலாமா? மரியாதைக் குறைவாக இருக்குமோ?

#14 பழைய கரும்பலகை

கேளும்மா. ஆனால் வேறு மாதிரிக் கேள். முதலில் அவர் வகுப்பில் நீ நாலு நாள் போய் உட்கார். பாடம் முடிந்ததும், "அந்தப் பையன் தப்பாச் சொன்னப்போ நீங்க உடனே திருத்தலையே, ஏன் சார்?" என்று கேள். எந்த ஆசிரியருக்கும் தன் வேலையைக் கவனித்து ஒருவர் கேட்டால் உள்ளூரச் சந்தோஷம்தான். எனக்கு முப்பத்தி நான்கு வருடத்தில் அப்படி ஒரு கேள்வி வந்தது இரண்டே தடவை, இரண்டும் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஐந்தாவது நாள் அவர் உன் வகுப்பை விட்டு வெளியே போக மாட்டார்.

#15 இரண்டு பிள்ளைகளின் அப்பா

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. போன தடவை கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசினேன். அதையும் விட மாட்டேன். இந்தத் தடவை கூடவே எதைக் கேட்க வேண்டும்?

#16 திட்டப்பிரிவு

இரண்டு கேள்வி கேளுங்கள் சார். ஒன்றாம் வகுப்புக்கு யாரைப் போட்டிருக்கிறீர்கள், ஏன்? புதிதாக வந்த ஆசிரியருக்கு யார் துணை, அதற்கு வாரத்தில் எந்தப் பீரியட்? யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கேளுங்கள். தலைமையாசிரியருக்கே இந்தக் கேள்வி மேலிடத்தில் பேச ஒரு பிடியாக இருக்கும்.

உங்கள் மூத்தவனைப் பற்றி: அவனை ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தோடு போராட விடாதீர்கள். அவன் இப்போது எந்த நிலையில் வாசிக்கிறானோ அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வயதைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் குழு பிரித்து, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது பல நாடுகளில் பலன் கொடுத்திருக்கிறது. பத்து வயது ஒன்றும் தாமதம் இல்லை.

#17 நான்காம் பீரியட்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. இப்போது ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் முழுக் கதையையும் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது, தன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு என் நோட்டில் அந்த 35-ஐயும் 34-ஐயும் காட்டியதும், "நானும் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்" என்றார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு பீரியட் கிடையாது. தலைமையாசிரியரிடம் கேட்டோம். வியாழக்கிழமை ஒரு பீரியட் என் வகுப்பை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் அந்த டீச்சர் தன் ஓய்வு பீரியடை விட்டுக்கொடுத்து என் வகுப்புக்கு வந்தார். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து 52-ஐ எடுத்தோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதிலிருந்து ஏழு குச்சி எனக்குக் கொடு" என்று அந்தச் சிறுமியிடம் கேட்டேன். இரண்டைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டுகளையே பார்த்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூன்று எண்ணினேன், அப்புறம் இன்னும் மூன்று. "கட்டைப் பிரிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். பிரித்தாள். மீதியை எண்ணி 25 என்று சொன்னவள், உடனே தன் பழைய நோட்டைப் புரட்டி 35-ஐத் தேடினாள்.

வகுப்பு முடிந்ததும் அந்த டீச்சர் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். நான் கேள்வி கேட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தையெல்லாம் புள்ளி வைத்துக் குறித்திருந்தார். ஜன்னல் ஓரத்து மூன்று பெஞ்சில் ஒரு புள்ளிகூட இல்லை. அங்கே பதினொரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த வியாழக்கிழமைக்குள் அந்த "பெரிய நம்பர்லேருந்துதான் சின்ன நம்பர்" வாக்கியத்துக்குப் பதிலாக ஒன்றாம் வகுப்பில் என்ன சொல்வது என்று இருவரும் சேர்ந்து எழுதப் பார்க்கிறோம். "இருக்கிறதிலிருந்துதான் எடுக்க முடியும்" என்று ஒன்று யோசித்திருக்கிறோம். வெண்கட்டி மேடம், ஐயா, இதைக் கேட்கிற ஒரு ஆறு வயதுப் பிள்ளை பின்னால் எங்கேயாவது சறுக்குமா? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.